முழுப் பலன்

எண்ணெய் தேய்த்து முடித்துத் துண்டைப் போர்த்திவிட்டதும் பெண்கள் முதலில் தேடுவது செல்போனைத்தான். பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவர வேண்டும், மாவு அரைக்கக் கொடுத்திருக்கிறது, வீட்டுக்காரர் நாலு தடவை கூப்பிட்டுவிட்டார். ஒரு மணி நேரம் நான் பாடுபட்டு இளக்கிக் கீழே இறக்கிய தோளை அரை நிமிடத்தில் பழையபடி காதுவரை ஏற்றிக்கொண்டு படியிறங்கிப் போவார்கள். அந்த அக்கா ஒருவர்தான் எழுந்திருக்கவே மாட்டார். கண்ணைத் திறக்காமல், "நோட்டீஸ்ல போட்டிருக்குல்லம்மா, அரை மணி நேரம் ஓய்வுனு" என்பார்.

ஏழெட்டு வருஷம் இருக்கும். அப்போது நான் மதுரை சிம்மக்கல்லில் பெண்களுக்கான ஒரு சிகிச்சை நிலையத்தில் மசாஜ் தெரபிஸ்ட்டாக இருந்தேன். கீழே மொத்த வியாபாரக் கடை, இரண்டாவது மாடியில் நாங்கள். மிளகாய் வற்றல் மூட்டை இறங்குகிற நாட்களில் எங்கள் தைல வாசத்தையும் தாண்டி நெடி ஏறிவிடும். வந்தவர்கள் படுத்தபடி தும்முவார்கள். ரிசப்ஷனுக்குப் பின்னால் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'சிகிச்சையின் முழுப் பலனையும் பெற' என்று தலைப்பு, கீழே பதினோரு வரிகள். டாக்டர் அம்மா எப்போதோ டைப் அடித்து ஒட்டியது. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷமாகியும் நானே அதை முழுதாகப் படித்ததில்லை.

அந்த அக்கா முதல் நாள் வந்தபோது நின்றபடியே பதினோரு வரியையும் படித்தார். பிறகு கைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து அத்தனையையும் எழுதிக்கொண்டார். அரசு அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர். எங்கள் தாள் அவருக்கு அரசாணைதான். ரிசப்ஷனில் இருந்த செல்வி அன்றைக்கே அவருக்கு ஜி.ஓ. அம்மா என்று பெயர் வைத்துவிட்டாள். நான் மேடம் என்று கூப்பிட்டேன். "மேடம்லாம் ஆபீஸோட முடிஞ்சு போச்சும்மா. அக்கானு கூப்பிடு" என்றார்.

வியாழக்கிழமை நாலு மணி அவருடைய நேரம். மூன்றேமுக்காலுக்கு வந்து நாற்காலியில் உட்கார்வார். செல்போனை அணைத்துப் பைக்குள் போடுவார். பதினைந்து நிமிடம் முன்னதாக வந்து அமைதியாக அமரவும் என்பது முதல் வரி. ஒரு நாள் பஸ் தாமதமாகி ஒன்பது நிமிடம் முன்னால்தான் வந்தார். நாலு மணிக்கு நான் போய்க் கூப்பிட்டால் எழுந்திருக்கவில்லை. "இன்னும் ஆறு நிமிசம் இருக்கும்மா. வந்ததும் படுத்தா உடம்பு கேக்காது" என்று சொல்லி, தன் ஒரு மணி நேரத்திலிருந்தே ஆறு நிமிடத்தைக் கழித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம்.

இன்னொரு வியாழக்கிழமை மதியம் போன் வந்தது. பழைய அலுவலகத்தில் யாருக்கோ பிரிவு உபசாரமாம்.

"ஏம்மா, ரெண்டே காலுக்கு ஒரு வடை சாப்பிட்டுட்டேன். நாலு மணிக்கு வரலாமா?"

"ஒரு வடைதானக்கா. வாங்க."

"சாப்பிட்டு ரெண்டு மணி நேரம்னுல்ல போட்டிருக்கு. சாப்பாட்டுல வடை சேத்தி இல்லனு எடுத்துக்கிடலாமா?"

எடுத்துக்கொள்ளலாம் என்று நான்தான் தீர்ப்புச் சொன்னேன். ஆனாலும் நாலேகாலுக்குத்தான் வந்து படுத்தார்.

இவ்வளவு ஒழுங்காக நடந்துகொண்டவருக்குக் கையை விட மட்டும் தெரியவில்லை. மல்லாக்கப் படுத்திருப்பவரின் கையை நான் தூக்கும்போது, அவர் அதைச் செத்த கைபோல என்னிடம் விட்டுவிட வேண்டும். அப்போதுதான் தோள்பட்டைக்குள் என் விரல் போகும். அவருடைய கையோ நான் தொடுவதற்கு முன்பே தானாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். எனக்கு உதவி செய்கிறாராம்.

"நீங்க தூக்காதீங்கக்கா. என்கிட்ட விட்டுருங்க."

"விட்டுட்டேன்மா."

நான் என் கையை எடுத்துவிடுவேன். அவர் கை அந்தரத்தில் அப்படியே நிற்கும். அவரே திரும்பிப் பார்த்து, "அட, இது என்ன நிக்குது" என்பார். கால் அப்படி, கழுத்தும் அப்படி. தலையைத் தாங்கிப் பிடித்தால் தலையை என் உள்ளங்கையில் வைக்காமல் ஒரு நூல் உயரத்தில் தூக்கியே வைத்திருப்பார். மற்றவர்கள் உடம்பைக் கொண்டுவந்து என் மேல் போட்டுவிட்டுத் தூங்குவார்கள். இவர் ஒரு மணி நேரமும் தன் உடம்பைத் தானே சுமந்துகொண்டு படுத்திருந்தார்.

காரணத்தை அவரே ஒரு நாள் சொன்னார். அம்மா பதினோரு வருஷம் படுக்கையில் கிடந்தாராம். காலையில் புரட்டி, துடைத்து, முதுகுக்கு எண்ணெய் போட்டுவிட்டுத்தான் அலுவலகம் போவாராம். சாயங்காலம் வந்ததும் மறுபடியும். "தூக்குறதுக்குப் பழகுன கைம்மா. படுக்கச் சொன்னா படுக்க மாட்டேங்குது." கல்யாணம் ஆகவில்லை என்பதையும் இதே குரலில், காலி இடத்தை நிரப்புவதுபோலச் சொல்லி முடித்தார்.

அந்தக் கை விழுவதற்கு மூன்று மாதம் ஆயிற்று. நல்ல வெயில் காலம். கீழே லாரியில் ஏதோ ஏற்றிக்கொண்டிருந்தார்கள், ஒரே சத்தம். வலது கையைத் தூக்கினேன். கனமாக இருந்தது. முழங்கை, மணிக்கட்டு, விரல் எல்லாம் சேர்ந்து அத்தனை எடையும் என் கைக்கு வந்துவிட்டது. நான் அதை மெதுவாக ஆட்டினேன், ஆடிற்று. ஆட்டி முடித்தும் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தேன். வேலையில் நான் அப்படி அடிக்கடி நிற்பதில்லை.

"கை எங்க இருக்குன்னே தெரியலம்மா" என்றார், பாதித் தூக்கத்தில்.

"என்கிட்ட இருக்குக்கா" என்றேன்.

அன்றுதான் அவர் உண்மையிலேயே தூங்கினார். தூக்கத்தில் ஏதோ பேசினார். தமிழ் இல்லை. அவர்கள் வீட்டில் பேசுகிற சௌராஷ்டிரம். ஓய்வு நேரம் முடிந்து எழுந்ததும் வெந்நீரைக் கொடுத்துவிட்டு, என்னக்கா பேசினீங்க என்று கேட்டேன். "அம்மா கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு. வாரேன்னு சொல்லியிருப்பேன்" என்றார். "எங்க பாஷையில பேசி ஒன்றரை வருஷம் ஆச்சும்மா. அம்மா போனதுக்கப்புறம் வீட்டுல யார்ட்ட பேச" என்றவர் சட்டென்று நிமிர்ந்தார். "தம்பி இருக்கான். அவன் தமிழ்லதான் பேசுவான்."

இந்தத் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தாளில் பதினோராவது வரி, சிகிச்சைக்கு வருபவர் துணைக்கு ஒருவரை அழைத்து வரவும் என்பது. தேய்த்து முடித்து இறங்கும்போது சிலருக்குத் தலை சுற்றும், அதற்காக. யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. ரிசப்ஷன் நோட்டில் 'உடன் வந்தவர்' என்று ஒரு கட்டம் இருந்தது, பாதிப் பேர் அதில் கோடு போட்டுவிட்டுப் போவார்கள். அக்காவால் ஒரு கட்டத்தைக் காலியாக விட முடியாது. ஒவ்வொரு வாரமும் குண்டு குண்டான எழுத்தில் 'தம்பி' என்று எழுதுவார். செல்வி கேட்காவிட்டாலும், "கீழ வண்டியில இருக்கான். படி ஏறச் சங்கடப்படுவான்" என்பார்.

என் அறை ஜன்னல் தெருவைப் பார்த்தது. ஒரு நாள் யதேச்சையாக எட்டிப் பார்த்தேன். காதில் காற்றுப் படாமல் தலையைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு அக்கா இறங்கிப் போனார். வண்டி இல்லை, தம்பி இல்லை. மூட்டைகளுக்கு நடுவே ஒதுங்கி ஒதுங்கி நடந்து, ஷேர் ஆட்டோவில் ஆறாவது ஆளாக ஒட்டிக்கொண்டு போனார். அடுத்த வாரமும் பார்த்தேன். அதற்கடுத்த வாரமும்.

பார்த்தது பார்த்ததாக இருந்திருக்கலாம். மதியம் சாப்பிடும்போது செல்வியிடம் சொன்னேன். சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன், ஆறாவது ஆளாக ஒட்டிக்கொண்டு போனதை நடித்தே காட்டினேன். செல்விக்குப் புரையேறிவிட்டது. இன்றைக்கு வரைக்கும் என்னால் தாங்க முடியாதது அந்தச் சிரிப்புத்தான்.

நானும் பொய் சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான். பேரையூர் பக்கம் எங்கள் ஊரில் அம்மா எல்லாரிடமும் நான் மதுரையில் நர்ஸ் என்று சொல்லியிருந்தாள். ஆரப்பாளையத்தில் நான் இருந்த பெண்கள் விடுதியிலும் ஆஸ்பத்திரி வேலை என்றுதான் சொல்லியிருந்தேன். மசாஜ் என்ற சொல்லைக் கேட்டதும் ஆட்களின் முகம் மாறுகிற விதம் எனக்குத் தெரியும். ஒரு நாளைக்கு ஐந்து பேரைத் தொட்டு வேலை பார்த்துவிட்டு, ஆறு கட்டில் போட்ட அறைக்குப் போய் யார் மேலும் படாமல் படுப்பேன். எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

அந்தச் சிரிப்புக்கு அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோ அக்கா போகிற நேரத்தில் என்னைக் கேட்டார். "உனக்கு யாரும்மா தேய்ச்சு விடுவா?"

"எனக்கு யாருக்கா?"

"கையைக் காட்டு."

நீட்டினேன். என் உள்ளங்கையைத் திருப்பி, பெருவிரலுக்குக் கீழே உள்ள சதையில் தன் இரண்டு பெருவிரலையும் வைத்து அழுத்தினார். ஆபீஸில் முத்திரை குத்துகிற மாதிரி ஒரே அழுத்து, எடுத்து மறுபடி ஒரே அழுத்து. முறையே இல்லை. ஆனால் எனக்கு வலித்துக்கொண்டிருந்த இடம் அதுதான். "வலிச்சா உடனே சொல்லணும், நாலாவது வரி" என்றார். உங்களைப் பற்றிச் சிரித்தேன்க்கா என்று சொல்லிவிட வாய் வந்தது, சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் அது நடந்தது. வேறொரு அம்மா சிகிச்சை முடிந்து தனியாக இறங்கும்போது படியில் தலைசுற்றி விழுந்து கணுக்கால் பிசகிவிட்டது. அவர் மகன் வந்து சத்தம் போட்டான். டாக்டர் அம்மா பயந்துபோய், இனிமேல் துணைக்கு வந்தவர் மேலே வந்து நோட்டில் கையெழுத்துப் போட்டால்தான் சிகிச்சை என்று சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை மூன்றேமுக்காலுக்கு அக்கா வந்தார். நான் எண்ணெயைச் சூடு பண்ணி வைத்துவிட்டு ரிசப்ஷன் பக்கம் வந்தேன். அவர் செல்போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டு, நோட்டை இழுத்து 'தம்பி' என்று எழுதிக்கொண்டிருந்தார்.

செல்வி சொன்னாள். "அக்கா, இப்பப் புது ரூல் போட்டிருக்காங்க. தம்பி மேல வந்து ஒரு கையெழுத்துப் போடணும். அம்புட்டுத்தான்."

சொல்லிவிட்டுச் செல்வி என்னைப் பார்த்தாள். அவள் உதட்டோரத்தில் லேசாக ஒரு சிரிப்பு இருந்தது. அவள் கெட்டவள் இல்லை. நான் சொல்லிக் கொடுத்த சிரிப்புத்தான் அது. அக்கா அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எத்தனையோ பேர் பொய் லீவு லெட்டர் கொண்டுவந்து நீட்டியதைப் பார்த்த கண். இரண்டு பேர் சேர்ந்து தன்னைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள் என்று கண்டுகொள்ள அதற்கு ஒரு நிமிடம்கூட வேண்டியிருக்கவில்லை.

"அதுக்கென்னம்மா. கூட்டிட்டு வாரேன்" என்றார். பையை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

நான் ஜன்னலுக்குப் போனேன். கடை வாசலில் மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். போகிற வருகிற ஆட்களைப் பார்த்தார். நடுவயதுக்காரர் ஒருவர் டீ குடித்துக்கொண்டு நின்றார். அவர் பக்கம் இரண்டு எட்டு வைத்தார். கேட்டிருந்தால் அந்த ஆள் வந்திருப்பார், மதுரையில் யாரும் இதற்கு மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். கேட்கவில்லை. திரும்பி வந்து பழைய இடத்தில் நின்றார். பைக்குள்ளிருந்து செல்போனை எடுத்துக் காதில் வைத்தார். பேசினார். தலையை ஆட்டினார், கையை ஆட்டி வழி சொன்னார். அந்தப் போனை அவர் என் கண் முன்னால் அணைத்துப் பத்து நிமிடம் ஆகியிருந்தது.

எண்ணெய் ஆறிப்போய் மறுபடி சூடு பண்ணினேன். நாலு மணி ஆயிற்று, நாலேகால் ஆயிற்று. மொத்தம் முப்பத்தாறு படி. நான் இறங்கிப் போயிருக்கலாம். இறங்கிப் போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை. டாக்டர் அம்மாவுக்குப் பயந்தேன் என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. தம்பி இல்லை என்பது எனக்குத் தெரியும் என்று அவர் முகத்துக்கு நேராக ஒத்துக்கொள்ள எனக்கு வெட்கமாக இருந்தது. அதற்குள் நாலரை ஆகிவிட்டது. எட்டிப் பார்த்தபோது மூட்டைகள் மட்டும் இருந்தன.

அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. நாலு மணிக்கு வேறு யாரையும் போட வேண்டாம் என்று செல்வியிடம் சொன்னேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. மூன்றாவது வியாழக்கிழமை டாக்டர் அம்மாவிடம் போய், துணைக்கு ஆள் இல்லாமல் வருகிறவர்களுக்கு நானே கையெழுத்துப் போட்டு, நானே ஆட்டோ வரைக்கும் கூட்டிப்போய் விடுகிறேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எத்தனை பேரும்மா அப்படி?" என்று கேட்டார். ஒருத்தர்தான் என்றேன். சரி என்றார். இவ்வளவு சுலபமாகச் சரி என்பார் என்று தெரிந்திருந்தால் அன்றைக்கே கேட்டிருப்பேன்.

நோட்டில் இருந்த நம்பரைப் பார்த்து அக்காவுக்குப் போன் போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"அக்கா, நான்தான். சிம்மக்கல்லேருந்து."

"குரல் தெரியாதாம்மா. நல்லாயிருக்கியா?"

"மூணு வாரமா வரலையேக்கா."

"அதை ஏன் கேக்குற. தம்பிக்குத் திடீர்னு மாத்தலாயிருச்சும்மா, திருச்சிக்கு. கூட்டிட்டு வர ஆளில்லாமப் போச்சு."

நானே கையெழுத்துப் போடுகிறேன், ஒண்டியாகவே வாங்க என்று சொல்ல வேண்டும். சொன்னால் தம்பி போய்விடுவான். எட்டு மாதமாக வாரம் தவறாமல் எழுதி எழுதி அவர் உண்டாக்கியவன். அன்றைக்கு அந்த வாசலில் அரை மணி நேரம் நின்றுகூட அவர் கைவிடாதவன். அவனை என் வாயால் இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"லீவு நாள்ல நான் வீட்டுக்கு வந்து தேய்ச்சு விடட்டாக்கா?"

"வேணாம்மா. வீட்டுல ஆளுக வாரதும் போறதுமா இருக்கும். உனக்குச் சௌகரியப்படாது."

அவருக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை. டிவி ஓடவில்லை, குழாயில் தண்ணீர் விழவில்லை, பாத்திரம் நகரவில்லை. விடுதியில் நான் தனியாக இருந்த ஞாயிற்றுக்கிழமைகளில்கூட அப்படி ஒரு அமைதியைக் கேட்டதில்லை. சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்கவும்தான் போன் போட்டேன். கேட்க வழியில்லை. வைத்துவிடவும் முடியவில்லை.

"தம்பியைக் கேட்டதாச் சொல்லுங்கக்கா" என்றேன்.

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்து உட்காருகிற சத்தம் கேட்டது.

"சொல்றேன்மா" என்றார். "அவனும் உன்னைக் கேப்பான்."